மாப்பிள்ளைக் கோடு

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் விளையாட்டு மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்ற எலும்பு டாக்டர். ஆனால் என் வாழ்நாளில் எந்த விளையாட்டையும் விளையாடியதில்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் வந்தால், விளையாடப் போகிறவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருப்பதுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை. (அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. கணக்கு வாத்தியாரின் செருப்பில் ஒன்றை நாய் கவ்விக்கொண்டு போனபோது நான் வேப்ப மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தேன்.)

அப்படிப்பட்டவன் எதற்கு விளையாட்டு மருத்துவம் படிக்கப் போனான் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி தேன்மொழியும் அதைத்தான் கேட்டாள். கீரனூரிலிருந்து திருச்சிக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்ப் படித்து, எலும்பு டாக்டராகி, புதுக்கோட்டையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டேன். பைக்கில் விழுந்தவர்களுக்கும் பாத்ரூமில் வழுக்கியவர்களுக்கும் மாவுக்கட்டுப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. முட்டியைப் பெரிதாக வெட்டாமல், பேனா நுழையும் அளவுக்கு இரண்டு துளை மட்டும் போட்டு, ஒன்றின் வழியாகக் கேமராவை விட்டு, டி.வி.யைப் பார்த்துக்கொண்டே கிழிந்த ஜவ்வைச் சரிசெய்யும் வித்தை மேல் ஆசை வந்தது. அதைக் கற்றுத்தரும் ஓராண்டுப் பயிற்சிக்கு வெளிமாநிலத்தில் இடம் கிடைக்க, கல்யாணமாகி ஐந்தாவது மாதமே பெட்டியைக் கட்டினேன்.

அங்கே என்னோடு படித்தவர்கள் எல்லாம் நிஜமாகவே விளையாடியவர்கள். ஒருவர் மாநில அளவில் பேட்மிண்டன் ஆடியவர். இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் பொழுதுபோகாமல் இருபது கிலோமீட்டர் ஓடுகிறவர். முதல் நாள் பேராசிரியர் ஒவ்வொருவரிடமும், "நீங்கள் என்ன விளையாடுவீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். என் முறை வந்தது. செருப்புக்குக் காவல் இருந்தேன் என்று சொல்ல முடியுமா? "கபடி, சார்" என்று சொல்லிவிட்டேன். தமிழ்நாட்டுக்காரன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

நம்பினார். அதுதான் வினையாகப் போயிற்று. எட்டு மாதம் கழித்துக் கபடி பற்றிய வகுப்பு வந்தபோது, "இதை நம் கபடி வீரரே எடுக்கட்டும்" என்று அறிவித்துவிட்டார். அன்று காலை எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. வகுப்பு முடிந்த மதியமே அது இறங்கியும் போய்விட்டது. அந்த ஒரு வருடத்தில் நான் தவறவிட்ட வகுப்பு அது ஒன்றுதான்.

மற்ற எல்லாவற்றையும் வரி விடாமல் எழுதி வைத்துக்கொண்டேன். மல்யுத்தத்தில் கீழே கிடப்பவர் கையால் தரையைத் தட்டினால் 'முடியவில்லை, விட்டுவிடு' என்று அர்த்தம். தலையில் அடிபட்டவரிடம் 'நான் யார், இது எந்த இடம்' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேராசிரியர் அடிக்கடி சொன்ன வாக்கியம் ஒன்று: "ஆட்டக்காரர் விழுந்த முதல் நிமிடம் டாக்டருடையது. ஓடுங்கள். ஆனால் ஓடுவதற்கு முன்னால் ஆட்டம் நின்றுவிட்டதா என்று பாருங்கள்." இதில் முதல் பாதி என் மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

பயிற்சி முடிந்து ஊர் திரும்பினேன். தேன்மொழியின் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். மாமனாருக்கு மல்லிகைத் தோட்டம். தினமும் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகிறவர், அன்று பூவோடு என் பெருமையையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறார். "எங்க மாப்ள வெளையாட்டு டாக்டருக்குப் படிச்சிட்டு வந்திருக்காரு" என்று அவர் சொல்ல, பூ எடைபோட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அப்ப இம்புட்டு நாளு நெசமா வைத்தியம் பாத்தவரு, இனிமே வெளையாட்டுக்குப் பாக்கப் போறாராக்கும்?" என்று கேட்டாராம். மார்க்கெட்டே சிரித்திருக்கிறது. மாமனாருக்கு முகம் செத்துப்போய்விட்டது. என் படிப்பு விளையாட்டு இல்லை என்று ஊருக்குக் காட்ட அவர் ஒரு சந்தர்ப்பம் தேட ஆரம்பித்தார்.

ஊர்க் கபடிப் போட்டி வந்து அதைக் கொடுத்தது.

என் மச்சினன் இளவரசன் ஊர் அணியின் முக்கியமான ரெய்டர். அதாவது எதிராளியின் பக்கம் தனியாகப் பாடிக்கொண்டு போய், யாரையாவது தொட்டுவிட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பி வருகிறவன். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ஐந்து வருடமாக ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தான். அரசுத் துறை அணி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளர் அந்த வருடம் எங்கள் போட்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கண்ணில் பட்டுவிட்டால் வேலை, அணி, எல்லாம் அமைந்துவிடும். வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாமியார் விராலிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருந்தார்.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. இளவரசன் வலது முட்டியில் எப்போதும் நீல உறை ஒன்றை மாட்டியிருந்தான். நான் முன்வாசலில் நுழைந்தால் அவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான். "ஏண்டா, மச்சான் ஒன்னிய கடிச்சா திங்கப் போறாரு? முட்டிய காட்டேன்டா" என்று தேன்மொழி கேட்டதற்கு, "மச்சான் பாத்தா ஆடாதன்னுதான் சொல்லுவாரு. ஃபைனல் முடியட்டும் அக்கா, நானே வாரேன்" என்றிருக்கிறான். எனக்கு அந்த முட்டி மேலேயே கண். அவன் நடந்தால் முட்டியைப் பார்ப்பேன், உட்கார்ந்தால் முட்டியைப் பார்ப்பேன். கூடப்பிறந்த தம்பி எனக்கு இல்லை. அந்த இடத்தில் இவனைத்தான் வைத்திருந்தேன். அதை அவனிடம் சொல்லும் அளவுக்குப் பழக்கம்தான் அப்போது இல்லை.

போட்டி சனிக்கிழமை ஆரம்பித்து விடிய விடிய நடந்து, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஃபைனல். நான் வீட்டில் நன்றாகத் தூங்கி, குளித்து, இட்லி சாப்பிட்டு, சிவப்புப் பையோடு போய்ச் சேர்ந்தேன். பையில் கழுத்துப்பட்டை, வலி ஸ்ப்ரே, பேண்டேஜ் எல்லாம் பாடத்தில் சொன்ன வரிசைப்படி இருந்தன. மைக்கில், "நமதூர் மாப்பிள்ளை, வெளையாட்டு டாக்டர் அவர்கள் மைதானத்துக்கு வருகை தந்திருக்கிறார்கள்" என்று அறிவித்தார்கள். மைக்காரரே ஓடி வந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை நடுக்கோடு முடிகிற இடத்திலேயே, பக்கக்கோட்டை ஒட்டிப் போட்டார். "இங்கிட்டு உக்காருங்க, மாப்ள. எல்லாம் பளிச்சுனு தெரியும்."

பளிச்சென்றுதான் தெரிந்தது. எதிரணி பக்கத்து ஊர்க்காரர்கள். நான்கு வருடமாகக் கோப்பை அவர்களிடம்தான். கடைசி ஒரு ரெய்டு மிச்சமிருக்கும்போது இரண்டு பக்கமும் சமமான புள்ளி. இளவரசன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். எதிர்வரிசையில் அந்தப் பயிற்சியாளர் நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்தார். மாமனார் துண்டைக் கடித்துக்கொண்டார்.

இளவரசன் ஒருவனைத் தொட்டான். ஊரே எழுந்து கத்தியது. திரும்பும்போது ஒருவன் அவனுடைய கணுக்காலைப் பிடித்தான். இளவரசன் குப்புற விழுந்தான். மேலே ஒருவன், அவன் மேல் ஒருவன், அப்புறம் இரண்டு பேர். எல்லாம் என் நாற்காலிக்கு நேர் எதிரே, நான்கு அடி தூரத்தில். மூட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டது போல அவனுடைய தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன. கை முன்னால் வந்து தரையைத் தட்டியது. ஓர் அங்குலம் நகர்ந்தது. மறுபடி தட்டியது.

தரையைத் தட்டினால் என்ன அர்த்தம்? நான் படித்திருக்கிறேனே!

அதோடு விட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன். அவன் வாய் எதையோ முனகிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, நான்கு ஆளின் கனத்துக்கு அடியிலிருந்து ஈனமான குரலில் அவன் சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது: "புடி... புடி... புடி..."

என் மச்சினன் என்னைக் கூப்பிடுகிறான். கையைப் பிடிக்கச் சொல்கிறான்.

(கபடியில் பாடிப் போகிறவர் 'கபடி கபடி' என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கணத்தில் மட்டும் தெரியவில்லை.)

ஓடினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் ஓடியதில்லை. "எந்திரிங்க! யாரும் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே போய் மண்டியிட்டு, நீட்டிய அந்தக் கையின் மணிக்கட்டை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துத் தரையோடு அழுத்தினேன். நடுக்கோட்டுக்கும் அவன் நடுவிரலுக்கும் இடையே ஒரு விரல் அகலம்தான் இருந்தது என்று பிற்பாடு பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். விரலை வைத்தும் காட்டியிருக்கிறார்கள்.

"அசையாத, இளவரசு. புடிச்சுட்டேன்" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதை நன்றி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் கையை உருவப் பார்த்தான். வாய் மட்டும் நிற்கவில்லை. "படி... படி... படி..."

"புடிச்சுட்டேன்டா. விடவே மாட்டேன்" என்று இன்னும் அழுத்தினேன். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறானே, தலையில் அடிபட்டிருக்குமோ என்று அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. பாடம் நினைவுக்கு வந்தது. குனிந்து அவன் காதருகே, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று கேட்டேன்.

இளவரசன் மூச்சை விட்டான். "மச்சான்... கைய விடுங்க மச்சான்" என்றான்.

விசில் அடித்தது. பாட்டை விட்டுவிட்டான். அவுட்.

அதன்பிறகு நடந்த வாக்குவாதத்தை முழுதாக எழுத ஒரு தனிப் புத்தகம் வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் ரெய்டை மறுபடி எடுக்க விட வேண்டும் என்றார்கள். எதிரணித் தலைவன் ரொம்ப நிதானமாக, "எங்காளு யாராச்சும் வெளியேருந்து வந்து புடிச்சிருந்தா நீங்க சொல்றது ஞாயம். ஒங்க ஊரு மாப்ளதானே புடிச்சாரு?" என்றான். நடுவர் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். டாக்டர் கேள்வி கேட்டால் பாட்டை விடலாம் என்று விதியில் எங்கும் இல்லை என்றும் சொன்னார். கோப்பை ஐந்தாவது வருடமாகப் பக்கத்து ஊருக்குப் போயிற்று. போவதற்கு முன்னால் அவர்கள் வரிசையாக வந்து, "நல்ல புடி, சார்" என்று எனக்கு ஒரு பச்சைத் துண்டைப் போர்த்தினார்கள். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன். கும்பிடு வேறு போட்டேன்.

வேறு யாராவது அதைச் செய்திருந்தால் ஊர் பிய்த்துப் போட்டிருக்கும். ஆனால் நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. கோபம் எங்கேயாவது போயாக வேண்டுமே? எல்லோரும் சேர்ந்து அந்தச் சிவப்பு நாற்காலியைத் திட்டினார்கள். "நாக்காலிய அங்கிட்டுக் கொண்டுபோயி எந்தக் கூறுகெட்டவன்டா போட்டது?" என்று மாமனார் கத்தினார். மைக்காரர் தலை குனிந்தார். "நாக்காலி தள்ளிக் கெடந்துருந்தா இது நடந்துருக்குமா?" என்று ஒரு பெரியவர் நாற்காலியை எட்டி ஒரு உதை விட்டார். அடுத்த விநாடியே என் பக்கம் திரும்பி, "மாப்ள, காப்பி குடிச்சீங்களா?" என்றார்.

வீட்டில் வெற்றிக்காக அடித்த நாட்டுக்கோழியைச் சத்தமில்லாமல் பரிமாறினார்கள். எனக்குத்தான் ஈரல். திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

அறைக்குள் தேன்மொழி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க, எதுக்குங்க போயி அவன் கையப் புடிச்சீங்க?"

"அவன்தான் 'புடி புடி'ன்னு கூப்புட்டான்."

"அது கபடிங்க!"

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, பின் அது நிஜமான அழுகையாகிவிட்டது. "பாவங்க அவன். அஞ்சு வருசமாச்சு" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. ஒரு பையனுடைய பிழைப்பை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திவிட்டோமே என்றிருந்தது.

சாயங்காலம் அந்தப் பயிற்சியாளரே வீட்டுக்கு வந்தார். இளவரசனைப் பற்றி மாமனாரிடம் பேச வந்தவர், என்னைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சார், நீங்க மூட்டு டாக்டர்தானே? அந்தத் தம்பி வலது கால ஊணித் திரும்பவே மாட்டேங்கிறான், பாத்தீங்களா? ஆட்டம் பூரா எடது கால்லயே திரும்புறான். முட்டி போயிருச்சு சார். சரிபண்ணிட்டு அடுத்த வருசம் ஆடச் சொல்லுங்க, நான் வாரேன்" என்றார்.

ஒரு வருடம் முட்டியைப் பற்றியே படித்துவிட்டு வந்த நான், பத்து நாளாக அந்த முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தும் கண்டுபிடிக்காததை, ஒரு மணி நேர ஆட்டத்தில் அவர் கண்டுபிடித்திருந்தார்.

அவர் போனபிறகு இளவரசன் தானாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து நீல உறையைக் கழற்றினான். "வேகமா திரும்புனா முட்டி நழுவுது மச்சான். நாலு மாசமாச்சு. யார்ட்டயும் சொல்லல" என்றான். கையை வைத்துப் பார்த்தேன். முன்பக்க ஜவ்வு அறுந்திருந்தது. அறுவை சிகிச்சை, அதன் பிறகு ஒன்பது மாதம் பயிற்சி என்று சொன்னேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "திரும்ப ஆடலாமா?"

"ஆடலாம். திருச்சியில என் சீனியர் இருக்காரு, அவர்ட்ட..."

"நீங்களே பண்ணுங்க மச்சான். புடிச்சது நீங்கதானே" என்றான்.

பயந்துகொண்டேதான் ஒத்துக்கொண்டேன். சீனியரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டதால் இளவரசன் விழித்துத்தான் இருந்தான். நான் கையைக் கழுவி, கையுறை போட்டுக்கொண்டு வந்து நின்றேன். நடுவில் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "கபடி... கபடி... கபடி..." இந்த முறை முழுதாகக் கேட்டது.

"என்னடா?"

"பயமா இருக்கு மச்சான். கைய புடிங்க."

திரையோரமாக அவனுடைய கை நீண்டது. கையுறை போட்டபின் எதையும் தொடக் கூடாது. தொட்டால் கிருமி. பிடிக்கவே கூடாத இடத்தில் அந்தக் கையை அவ்வளவு இறுகப் பிடித்தவன், பிடித்தே ஆக வேண்டிய நேரத்தில் இரண்டு கையையும் நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். மயக்க மருந்து அறையின் சிஸ்டர்தான் வந்து பிடித்துக்கொண்டார். முகக்கவசம் இருந்ததால் என் முகம் போன போக்கை யாரும் பார்க்கவில்லை. கடைசித் தையலின் முடிச்சைப் போடும் வரை அவன் பாட்டை விடவே இல்லை.

பிறகு ஒன்பது மாதம். மல்லிகைப் பாத்திகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நிற்க வைத்தேன், உட்கார்ந்து எழ வைத்தேன். கடைசி மாதங்களில் ஓட வைத்தேன். அவனுக்குத் துணையாக நானும் ஓடினேன். (இருநூறு மீட்டர். மீதித் தூரத்துக்கு வரப்பில் உட்கார்ந்து விசில் அடித்தேன்.)

அடுத்த வருடப் போட்டிக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர்கள், ஆடுகளத்தை முடித்துவிட்டு, பதினைந்து அடி தள்ளி இன்னொரு கோட்டையும் இழுத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் அதே சிவப்பு நாற்காலி. மைக்காரர் அறிவித்தார்: "வெளையாட்டு டாக்டர் அவர்கள் மாப்பிள்ளைக் கோட்டுக்கு அங்கிட்டே அமர்ந்து ஆட்டத்தைக் கண்டுகளிக்கும்படி விழாக் கமிட்டி பணிவன்போடு கேட்டுக்கொள்கிறது." என்னைத் திட்டாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்தக் கோடு நிலைத்துவிட்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலும் டாக்டர் நாற்காலிக்கு முன்னால் ஒரு கோடு போடுகிறார்கள், பெயர் அதேதான். வீட்டிலும் விடுவதில்லை. மாமியார் காப்பியை நீட்டும்போது, "புடிங்க மாப்ள. டம்ளர மட்டும்" என்பார்.

அந்த வருடம் ஃபைனலில் கடைசி ரெய்டு இளவரசனுடையது இல்லை. நடுவில் ஒன்று. மூன்று பேர் அவன் மேல் விழுந்தார்கள். கை வெளியே வந்து தரையைத் தட்டியது. நான் எழுந்துவிட்டேன். கூட்டத்தில் பாதி ஆட்டத்தை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தது. பின்னாலிருந்து தேன்மொழி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். இளவரசன் வலது காலை ஊன்றி, உடம்பைத் திருப்பி, மூன்று பேரையும் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டில் விரலை வைத்தான். அந்த வலது காலைப் பார்த்த பிறகு எனக்குப் புள்ளி எவ்வளவு என்றே தெரியவில்லை. பயிற்சியாளர் நோட்டில் எதையோ எழுதினார். இப்போது அவன் அவருடைய அணியில்தான் ஆடுகிறான்.

ஆட்டம் முடிந்ததும் அவன் கோப்பைப் பக்கம் போகாமல் நேராக என்னிடம் வந்தான். மாப்பிள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, மண் ஒட்டிய கையை நீட்டினான்.

"இப்பப் புடிங்க மச்சான்" என்றான்.

நான் கோட்டைப் பார்த்தேன். மாமனாரைப் பார்த்தேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். ஒரு காலைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து அவன் கையைப் பிடித்தேன்.

"டாக்டர் கோட்டத் தாண்டிட்டாரு. டாக்டர் அவுட்!" என்று மைக் அலறியது. நான் கையை விடவில்லை.